கடலில் மாண்டவர்களுக்கு நடுகல்: பாக் நீரிணைக் கரையில் ஆவணப்படமும் எண்ம நினைவகமும்

செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்கள் அஞ்சலியோடு செய்தியையும் தாங்கி நிற்கின்றன. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தப் பூசல், மாண்டவன் யார் என்பதைக் கல்லே சொல்லிவிடும். உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் எனத் தொடரும் கரையில், கடலுக்குப் போய்த் துப்பாக்கிச் சூட்டிலும் மோதலிலும் மாண்டவர்களுக்கு அப்படியொரு பதிவு இல்லை. இலங்கையில் போர் தொடங்கிய 1983க்குப் பிறகு இறந்த மீனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் அரசும் கட்சிகளும் மீனவர் சங்கங்களும் வெவ்வேறு எண்ணிக்கை சொல்கின்றன. இக்கரைக்கு எண்ம நினைவகம் ஒன்று அமையுமானால் அது முதலில் ஆவணக் காப்பகமாக இருக்க வேண்டும், அஞ்சலி அதன் பின்னரே வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட விசைப்படகு நெடுந்தீவுக் கடற்பரப்பில் மூழ்கி, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். தம் ரோந்துக் கலத்தில் மோதிப் படகு மூழ்கியது என்றது இலங்கைக் கடற்படை. கடற்படையே இடித்து மூழ்கடித்தது என்றன மீனவர் சங்கங்கள். இரண்டில் எது உண்மை என்று சொல்லப் படகில் ஒருவரும் உயிரோடு இல்லை. இறந்தவர்களில் மூவர் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவர்கள். நான்காமவர் மண்டபம் ஏதிலியர் முகாமில் வாழ்ந்த ஈழ ஏதிலி. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிக்கை மூன்று இந்திய மீனவர்கள், ஓர் இலங்கை நாட்டவர் என்று பிரித்து எண்ணியது. ஒரே படகில் போய் ஒரே கடலில் மாண்டவர்களைக் குடியுரிமை இரண்டாகப் பிரித்துவிட்டது. நினைவகம் இந்தக் கணக்கை அப்படியே ஏற்கலாகாது.

இவ்விடத்தில்தான் லீனா மணிமேகலை இயக்கிய ‘செங்கடல்’ திரைப்படம் முக்கியமாகிறது. ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் பங்களிப்போடு தனுஷ்கோடியில் எடுக்கப்பட்ட இப்படத்தில் அந்தக் கரையின் மீனவர்களும் ஏதிலிகளும் நடித்தார்கள். ஆவணப்பட இயக்குநர் பாத்திரத்தில் லீனாவே வருகிறார். மாண்ட மீனவரையும் தப்பி வந்த ஏதிலியையும் படம் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்துகிறது. இது கதைப்படம், ஆவணப்படம் அல்ல என்று ஒதுக்குவோர் தணிக்கை வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2011 தொடக்கத்தில் சென்னைத் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தபோது, இந்திய, இலங்கை அரசுகளைப் பற்றிப் படம் சொல்வதையே முக்கியக் குறையாகக் காட்டியது. அரசு அதைச் சாட்சியமாகவே வாசித்திருக்கிறது. அதே ஆண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் படத்தை அனுமதித்தது.

ஆனால் படம் உணர்த்துவது ஒன்று, நிறுவுவது வேறொன்று. 2017 மார்ச்சில் கச்சத்தீவு அருகே தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது தாங்கள் அல்ல என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. ஊர் உடலை வாங்க மறுத்து நாள்கணக்கில் போராடியது. கடற்படையின் மறுப்புக்கு எதிராக நிற்கக்கூடியவை உடற்கூறாய்வு அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, உடன் சென்றவர்களின் வாக்குமூலம், படகின் பதிவெண், ஜிபிஎஸ் கருவியில் பதிந்த தடம் ஆகியவையே. வாக்கிடாக்கியில் கேட்ட கடைசிக் குரல் பெரும்பாலும் காற்றோடு போய்விடுகிறது. கரையில் நிலைமை வேறு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டைக் கைப்பேசிகளும் செய்திக் கேமராக்களும் படம்பிடித்தன. மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. நடுக்கடலில் முடக்குவதற்குக்கூட ஒரு கேமரா இருப்பதில்லை.

2011 ஜனவரியில் தமிழக மீனவர் கொலைகளுக்கு எதிராக ட்விட்டரில் எழுந்த பரப்புரை பெரிய அலையாக இருந்தது. அது கவனத்தைத் திருப்பியது, ஆவணத்தைச் சேர்க்கவில்லை. நிறுவனங்களின் தளத்தை நம்பிய நினைவுக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி சிரியப் போர்க் காணொளிகளைப் பெருமளவில் நீக்கியது. முன்பே படியெடுத்து வைத்திருந்த தன்னார்வலர்களால் அவற்றில் பல பிழைத்தன. நமக்கும் முன்மாதிரி இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை இயக்குநர் சோமீதரன் ‘எரியும் நினைவுகள்’ ஆவணப்படத்தில் பதிந்தார். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ‘நூலகம்’ திட்டம் 2005 முதல் எண்மமாக்கி வருகிறது. படம் இழப்பைக் காட்டியது, காப்பகம் எஞ்சியதைக் காத்தது. ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது.

இக்காப்பகம் நமக்கு உவப்பில்லாததையும் வைத்திருக்க வேண்டும். நம் விசைப்படகுகள் கடலடியை வாரும் இழுவைமடியால் வலையிழந்த இலங்கை வடமாகாண மீனவரும் தமிழரே. இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. அவர்களின் முறைப்பாடுகளை விலக்கிவிட்டால் நம் துயரத்தின் நம்பகத்தன்மையே குறையும். வலை அறுந்தது கொலைக்கு நியாயம் ஆகாது என்பதையும் அதே பதிவேடு சொல்லும்.

எண்பதுகளில் கரையில் உடல்களை வாங்கியவர்கள் இன்று முதியவர்கள். மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் மீனவர் சங்கங்களும் முகாம்வாசிகளும் சேர்ந்து, குடும்பங்களின் சம்மதத்தோடு அவர்களின் வாய்மொழியை இப்போதே பதிவு செய்ய வேண்டும். மூலப்படிகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்துக் காக்க வேண்டும்.