இருக்கிறாயா? இருக்கிறேன்! – ‘பிங்’ கட்டளையின் கதை



‘நெட் வரவில்லை’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். எந்த இடத்தில் வரவில்லை என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. நம் கணினியிலா, கூடத்துச் சுவரில் மினுக்கும் பெட்டியிலா, தெருவில் போகும் கம்பியிலா, இல்லை பாரீசில் இருக்கும் மகன் வீட்டிலா? இந்த ஒரு கேள்விக்காகவே எழுதப்பட்ட சின்னக் கட்டளை ஒன்று உண்டு. பெயர் ‘பிங்’. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்கிற பழைய காலத்துச் சரக்கு. நாற்பது வருடம் தாண்டியும் ஓய்வு பெறவில்லை.

தபால் பிரிவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை ஒன்றை இணைத்து அனுப்பிவந்தோம் அல்லவா? பிங் அனுப்புவது கடிதமே இல்லாத வெறும் ஒப்புகை அட்டை. புறப்பட்ட நேரத்தை அதில் குறித்து அனுப்பும். எதிர்முனைக் கணினி அதை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால், போய்வர எத்தனை மில்லி செகண்டு ஆயிற்று என்பது தெரிந்துவிடும். வந்த அட்டையை இப்படித் திருப்ப வேண்டும் என்ற விதியை 1981 செப்டம்பரிலேயே ஜான் போஸ்டல் எழுதி வைத்திருந்தார்.

அந்த விதியை யுனிக்ஸ் கணினிகளில் எளிய கருவியாக்கியவர் மைக் மியூஸ். அமெரிக்காவில் மேரிலாண்டு மாநிலத்து அபர்டீனில், ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பழைய ‘எனியாக்’ கணினி கட்டப்பட்டதும் அந்தக் கூடத்துக்காகத்தான். 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த ஒரு கூட்டத்தில் டேவ் மில்ஸ் என்பவர், இப்படி எதிரொலி அனுப்பிப் பாதையின் தாமதத்தை அளந்ததாகச் சொன்னதை மியூஸ் கேட்டிருந்தார். அந்த டிசம்பரில் அவருடைய கூடத்து வலைப்பின்னல் விநோதமாக நடந்துகொண்டது. கேட்டது நினைவுக்கு வர, மளமளவென்று நிரலை எழுதினார். சுமார் ஆயிரம் வரி. இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதி முடிப்பதற்குள் மூலக் கோளாறு சரியாகிவிட்டது! கருவி மட்டும் மிஞ்சியது. பெர்க்கலி பல்கலைக்கழகத்தார் அதை வாங்கித் தங்கள் யுனிக்ஸில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

‘பிங்’ என்ற பெயருக்குச் சிலர் நீளமான ஆங்கில விரிவு சொல்கிறார்கள். அதெல்லாம் பின்னால் மில்ஸ் கற்பித்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவி எழுப்பும் ஓசையைத்தான் பெயராக வைத்தேன் என்று மியூஸே சொல்லியிருக்கிறார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் போன்றவர்களுக்கு இங்கே ஒரு சின்னப் பெருமை உண்டு. முதல் உலகப் போரின்போது, ஷிலோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியாளரின் யோசனையிலிருந்து தொடங்கி, படிகக் கல்லைத் துடிக்கவைத்து நீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலி வாங்கிக் காட்டியவர் போல் லான்ழ்வேன். பியேர் கியூரியின் மாணவர். கல்லின் அந்தக் குணத்தை 1880-இல் கண்டுபிடித்தவர்களும் பியேரும் அவருடைய அண்ணன் ழாக்கும்தான்.

மியூஸ் தம் பக்கத்தில் ஒரு கதை எழுதியிருந்தார். கருத்தரங்கு ஒன்றில் அவர் கேட்ட கதை. ஓர் அலுவலகத்தில் கம்பி இணைப்பு வருவதும் போவதுமாக இருந்ததாம். அங்கிருந்த நிர்வாகி, பிங் பதில் வரும்போதெல்லாம் கணினி ‘பிங், பிங்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை ஸ்டீரியோவில் இணைத்து, காது தாங்கும் மட்டும் சத்தத்தைக் கூட்டிவைத்தார். பிறகு கட்டடம் முழுக்க நடந்து ஒவ்வோர் இணைப்பாக அசைத்துப் பார்த்தார். எதை அசைத்தபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி. எங்கள் காலத்துக் கம்பிகளைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். ஒரே கறுப்புக் கம்பி மேசை மேசையாக ஓடும். நடுவில் ஒரு திருகு தளர்ந்தால் அத்தனை கணினியும் ஊமையாகிவிடும்.

பிங் போடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 127.0.0.1. அது நம்மை நாமே கூப்பிடுவது, கம்பிக்கே போகாது. அடுத்து நம் கணினியின் சொந்த எண். பிறகு வாசலில் இருக்கும் பெட்டியின் எண். அதன் பிறகு தூரத்துக் கணினி, முதலில் எண்ணாலும் பிறகு பெயராலும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், கம்பி சரியாகத்தான் இருக்கிறது; பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில்தான் கோளாறு. பதில் நின்ற படியில் தேடினால் போதும். கோப்பு காணாமல் போனால் பதிவேட்டில் கடைசியாக யார் கையெழுத்துப் போட்டார் என்று பார்ப்போமே, அதே முறைதான்.

நேரமும் பேசும். புதுச்சேரிக்கும் பாரீசுக்கும் நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே போய்வர 80 மில்லி செகண்டாவது ஆக வேண்டும். கடலடிக் கம்பி வளைந்து போவதால் இன்னும் கூடும். பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோள் வழியென்றால் அரை வினாடியை ஒட்டி வரும். அது கோளாறல்ல, தூரம்.

இந்த அட்டையையே ஆயுதமாக்கியவர்களும் உண்டு. 1990களின் நடுவில், 65,535 பைட்டுக்கு மேல் கனத்த பிங் ஒன்றைத் துண்டு துண்டாக அனுப்பி எதிர்முனைக் கணினியை விழவைத்தார்கள். ‘மரண பிங்’ என்று அதற்குப் பெயர். அந்த ஓட்டையை அடைத்தாயிற்று. ஆனால் பயம் போகவில்லை. பல இடங்களில் பிங்குக்குப் பதிலே சொல்லாதே என்று கணினிகளுக்குக் கட்டளையிட்டுவிட்டார்கள். 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சர்வீஸ் பேக்கும் அப்படித்தான். அதன் காவல்சுவர் தானாகவே வாயை மூடிக்கொள்ளும்.

இதன் பலனை நான் நேரில் பார்த்தேன். ஊர் பேர் வேண்டாம். எங்கள் கிளை அலுவலகம் ஒன்றிலிருந்த கணினி பல நாட்களாகப் பிங்குக்குப் பதில் தரவில்லை. வந்து பார்த்த இளைஞர் பதிவேட்டில் ‘இணைப்பு இல்லை’ என்று எழுதினார். மேலே இருந்தவர் அதைப் படித்துவிட்டு, கணினியை அணைத்துப் போட்டுவிட்டு வேலை செய்யாமல் இருக்கிறார் என்று அந்தக் கிளை எழுத்தருக்கு மெமோ போடச் சொன்னார். அந்த மனிதருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. வரைவு தட்டச்சாகி என் மேசைக்கு வந்தது. அதன் பக்கத்திலேயே அவர் அனுப்பிய சம்பளப் பட்டியல்கள் அடுக்கியிருந்தன. அதே கணினியிலிருந்து அதே கம்பி வழியாக, அந்த நாட்களில் ஒன்று விடாமல் வந்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தன. அவற்றை வரிசையாக வரைவுக்கு அடியில் சேர்த்துக் கட்டி, ‘இணைப்பில் உள்ள தாள்களைப் பார்வையிடுக’ என்று ஒரு வரி எழுதி உள்ளே அனுப்பினேன். மாலையில் கோப்பு திரும்பி வந்தது. மெமோ வரைவின் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு இருந்தது.