பூக்கோ: பின்லாந்தின் சிறு உறைக்கத்தி

பூக்கோ, பின்லாந்து மக்கள் இடுப்பு வாரில் தொங்கவிடும் சிறிய, மடங்காத கத்தி. அதன் அலகு பெரும்பாலும் 8 முதல் 11 செ.மீ. நீளம் இருக்கும், கூர் ஒரு பக்கம் மட்டுமே. பிடியும் ஏறத்தாழ அதே நீளம்தான். கை அலகின் மேல் வழுக்காமல் தடுக்கும் கைக்காப்பு கிடையாது. பிடியில் பாதிக்கு மேல் உள்வாங்கிக்கொள்ளும் ஆழமான தோல் உறை இதன் தனி அடையாளம். மரம் செதுக்க, மீன் கீற, வேட்டையாடிய எல்க் மானைத் தோலுரிக்க, கயிறு அறுக்க, ரொட்டி நறுக்க எனக் காட்டிலும் ஏரிக்கரையிலும் நாள் முழுதும் வேலை இருப்பவர்கள் இந்த ஒரே கத்தியில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள். மேலங்கியின் விளிம்புக்குக் கீழே அது இருப்பதே தெரியாது. களப்பணிக்குச் சிறு கத்தி வாங்க நினைப்பவர் எந்த நாட்டவரானாலும் முதலில் பூக்கோவைப் பார்த்துவிடுவது நல்லது. கத்தியைச் சிறிதாக்கும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டே கண்டுகொண்ட வடிவம் இது.

வரலாறு

பின்லாந்தின் ஊர்க் கொல்லர்கள் தத்தம் வட்டார வழக்கப்படி பூக்கோ அடித்துவந்தனர். தொழிற்சாலை உற்பத்தி 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. 1649இல் நிறுவப்பட்ட ஃபிஸ்கார்ஸ் இரும்பாலை, 1832இல் நாட்டின் முதல் வெட்டுக்கருவிப் பட்டறையை அமைத்தது. அங்கே தாமஸ் உட்வர்டு என்ற ஆங்கிலேய மேத்திரியிடம் பயின்ற காலெ கெரானென், கைனூ வட்டாரத்திற்குத் திரும்பித் தன் ஆசானின் செல்லப் பெயரையே சூட்டி ‘டோம்மி பூக்கோ’வை உருவாக்கினார். அலகின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக இருப்பது அந்த வகையின் தனித்தன்மை. மேற்கே கௌஹவா ஊரில் இசாக்கி யார்வென்பா 1879இல் தொடங்கிய பட்டறை, குதிரைத் தலை வடிவில் பித்தளைக் குமிழ் வைத்த அழகுக் கத்திகளால் பெயர் பெற்றது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரொவானியெமியில் யான்னெ மார்ட்டீனி 1928இல் தொடங்கிய நிறுவனம் இன்று உலகெங்கும் விற்கிறது. வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்காலா 1960களின் தொடக்கத்தில் ஹாக்மன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பூக்கோ, பின்லாந்தின் நவீனக் கலைப்பொருள்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

அண்டை நாடான சுவீடனில் இதன் நெருங்கிய உறவுக் கத்தி, டாலர்னா மாநிலத்தின் மூரா ஊர்ப் பகுதியில் செய்யப்படுகிறது. 1891இல் தொடங்கிய ஃப்ராஸ்ட்ஸ் பட்டறையும் 1912இல் தொடங்கிய எரிக்சன் பட்டறையும் 2005இல் ஒன்றாயின. விலை மலிவு, கூர் நிச்சயம் என்பதால் தச்சர், மின்பணியாளர், மீனவர், காட்டில் தங்குவோர் என எல்லாரிடமும் மூரா கத்தி இருக்கும்.

பூக்கோவுக்கு இரத்தக் கறை படிந்த வரலாறும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தென் ஒஸ்ட்ரோபொத்னியாவில் ‘பூக்கோயுங்காரி’ எனப்பட்ட கத்திச் சண்டியர்கள் கல்யாண வீடுகளில் புகுந்து கலகம் செய்தார்கள். எல்லைக்கு அப்பால் ரஷ்யாவில் ‘ஃபின்கா’ என்ற பெயரில் இக்கத்தி குற்றவாளிகளின் கைக்கருவியாகவே அறியப்பட்டது. சோவியத் அரசு 1935இல் அதைச் செய்யவும் வைத்திருக்கவும் தடை விதித்தது. 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்து வீரர்கள் தங்கள் சொந்த பூக்கோக்களோடு களத்தில் நின்றனர். அதே சோவியத் அரசின் படை 1940இல் ஏற்றுக்கொண்ட உளவு வீரர் கத்தியான என்ஆர்-40, ஃபின்காவின் சாயலிலேயே அமைந்தது. ஆனால் அதற்குக் கைக்காப்பு வைத்தார்கள். குத்துவதற்கான கத்திக்கும் செதுக்குவதற்கான கத்திக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. கைக்காப்பு இல்லாத பூக்கோவால் ஓங்கிக் குத்தினால் கை வழுக்கி அலகின் மேலேயே போய்விடும். செதுக்கும்போதோ கைக்காப்பு வெறும் இடைஞ்சல்; மரத்தை ஒட்டி அலகின் அடிப்பகுதியால் அழுத்திச் சீவ முடியாது. ஒருவனுக்கு வேண்டியது வேலைக்கான கத்திதான் என்றால், கைக்காப்பு வைத்த சிறு கத்திகளை அவன் தேட வேண்டியதில்லை.

அலகு

பூக்கோவின் அலகு முதுகுப் பக்கம் 2.5 முதல் 4 மி.மீ. தடிமன் கொண்டது. நடுப்பகுதியிலிருந்து விளிம்பு வரை இருபுறமும் ஒரே தட்டையான சரிவாக இறங்கி, விளிம்பிலேயே கூராக முடியும். இரண்டாவதாக ஒரு நுண்சரிவு பொதுவாக இருப்பதில்லை. இதனால் பெரிய வசதி ஒன்று உண்டு. தீட்டும்போது கோணம் எவ்வளவு என்று யோசிக்கவே வேண்டாம். அகன்ற சரிவைச் சாணைக்கல்லில் படிய வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். காட்டில், குளிரில், சிறு கல்லை முழங்காலில் வைத்துத் தீட்டுபவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லி மாளாது. மரத்தில் அலகு ஆழ இறங்கவும், சீவல் சுருள்சுருளாக எழவும் இதே சரிவுதான் காரணம். குறை என்னவென்றால், மெல்லிய விளிம்பு எலும்பிலோ உறைந்த இறைச்சியிலோ மோதினால் பல் விழும். வேட்டைக்கு எடுத்துச் செல்பவர்கள் விளிம்பில் மட்டும் சற்று அதிகக் கோணத்தில் நாலைந்து முறை தீட்டி அதைக் கெட்டிப்படுத்திக்கொள்வார்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு சொல். உள்ளங்கை அகலத்துக்குச் சமமான அலகு போதும் என்பது பழைய வழக்கு; அதில் மறுக்க ஒன்றுமில்லை. அலகு நீள நீள முனை கையிலிருந்து விலகிப்போகிறது, நுண்ணிய வேலையில் கட்டுப்பாடு குறைகிறது. விறகு பிளக்கவும் கிளை வெட்டவும் லாப்லாந்தின் சாமி மக்கள் ‘லெயுக்கு’ என்ற பெரிய கத்தியைத் தனியே வைத்திருக்கிறார்கள். சிறு கத்தி தனி, பெருங்கத்தி தனி என்று இரண்டாகச் சுமப்பது அவர்கள் வழக்கம். பூக்கோவின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது அதன் வேலையல்ல. பிடிக்குள் நுழையும் வால் மெலிந்த வகைகளில் அது முறியவும் செய்யும்.

எஃகில் இரண்டு பாதைகள். கார்பன் எஃகு சீக்கிரம் கூரேறும், நல்ல கூர் பிடிக்கும். ஆனால் துடைக்காமல் விட்டால் ஒரே இரவில் துருப்பூக்கும். துருவேறா எஃகு மீன்பிடிப்பவர்க்கும் கடற்கரையில் வேலை செய்பவர்க்கும் ஏற்றது. மூரா கத்திகளில் இரண்டும் கிடைக்கின்றன. நாள்தோறும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் தனக்கு உண்டா என்று வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொண்டால் எஃகைப் பற்றிய கேள்வி முடிந்துவிடும். எஃகின் பெயர்களைப் பற்றி நடக்கும் நீண்ட விவாதங்கள் பிடியைப் பற்றி நடந்திருந்தால் பல விரல்கள் தப்பியிருக்கும்.

பிடி

சிறு கத்தி செய்பவர்களும் வாங்குபவர்களும் அதிகம் தவறுவது இங்கேதான். மறைத்து வைக்க எளிது என்பதற்காக அலகோடு பிடியையும் குறுக்கி, மூன்று விரல் மட்டும் பிடிக்கும்படி செய்துவிடுகிறார்கள். கடிதம் கிழிக்க, கயிறு அறுக்க அது போதும். அரை மணி நேரம் மரம் செதுக்கினால் விரல்கள் பிடித்துக்கொள்ளும். களைத்த கை நழுவும். நழுவிய கத்தி மற்ற கையில் ஏறும். பூக்கோவில் அலகு எவ்வளவு சிறிதானாலும் பிடி உள்ளங்கையை நிறைக்கும். நடுவில் சற்றுப் பருத்து, கடைசியில் லேசாக அகன்று முடிவதால், இழுக்கும்போது கையை விட்டு உருவிப் போகாது. அலகைக் குறைத்துக்கொள்ளலாம், பிடியைக் குறைக்கக் கூடாது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் கொள்வதாயின் அது இதுவாகவே இருக்கட்டும்.

பிடிக்குச் சுருள்நார் கொண்ட பிர்ச் மரம் பெருவழக்கு. பிர்ச் பட்டையைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, வாலில் கோத்து அடுக்கி, இறுக்கி நெருக்கிச் செய்யும் பிடி இன்னும் சிறப்பு. நனைந்தாலும் மீன் நிணம் பட்டாலும் வழுக்காது. உறைபனிக் குளிரிலும் வெறுங்கையில் சில்லிடாது. வட ஐரோப்பியர் உலோகப் பிடியை விரும்பாததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வெப்ப நாடுகளில் குளிர் ஒரு பொருட்டல்ல. ஆனால் வேர்த்த கையும் வழுக்கும் என்பதால் அதே பாடம் அங்கும் செல்லும். மூரா கத்திகளின் ரப்பர் கலந்த பிளாஸ்டிக் பிடி அழகில் குறைந்தாலும் பிடிமானத்தில் குறைவில்லை.

உறை

மடக்குக் கத்திக்கு உறை தேவையில்லை. மடங்காத கத்திக்கு உறைதான் பாதி உயிர். நல்ல பூக்கோ உறை ஒரே தோலை நனைத்து, கத்தியின் மேல் வைத்து வடிவம் பிடித்து, பின்புறம் தைத்துச் செய்யப்படுகிறது. அலகு படும் இடத்தில் உள்ளே மரத்தாலான கூடு இருக்கும். விழும்போது முனை தோலைத் துளைத்துத் தொடையில் ஏறாமல் காப்பது அந்த மரக்கூடுதான். கத்தியைப் பிடியின் பாதிக்கு மேல் உள்ளே தள்ளினால் தோலின் இறுக்கமே அதைப் பிடித்துக்கொள்ளும். வாரும் கிடையாது, பொத்தானும் கிடையாது. பனியில் ஓடினாலும் மரம் ஏறினாலும் விழாது.

தொங்கும் அமைப்பு இன்னொரு சிறப்பு. உறை வாரோடு ஒட்டி நிற்காமல் சிறு வளையத்திலோ தோல் பட்டையிலோ ஊசலாடுவதால், உட்காரும்போது பக்கவாட்டில் ஒதுங்கிக்கொள்ளும். சில உறைகளில் உடையின் பொத்தானில் மாட்டும் துளையும் உண்டு. கடையில் வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை எளிது: உறையைத் தலைகீழாகப் பிடித்து, கீழே யாரும் இல்லாத இடத்தில், நன்றாக உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுந்தால் அந்தக் கத்தி எவ்வளவு அழகானாலும் வைத்துவிட்டு வரலாம்.

மறைவாக அணிதல்

கண்ணில் படாமல் அணிவதற்கென்றே உருவான சிறு கத்தி ஸ்காட்லாந்தின் ‘ஸ்கீன் டூ’. முன்பு அக்குளில் மேலாடைக்குள் வைத்திருந்த கத்தியை, விருந்தாளியாகப் போகும் வீட்டில் மரியாதைக்காக வெளியே எடுத்துக் காலுறையின் மேல்விளிம்பில் செருகினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். இன்று அது கில்ட் உடையின் அணிகலன்.

களப்பணியாளர்க்கு மறைவு என்றால் கத்தி தடையாக இல்லாமல் இருப்பது, பார்ப்பவர் மிரளாமல் இருப்பது. கழுத்தில் தொங்கவிடும் சிறு கத்திகள் முதுகுப்பையின் இடுப்பு வார் இடிக்காது என்பதால் மலையேறுபவர்க்குப் பிடிக்கும். மூரா நிறுவனம் எல்ட்ரிஸ் என்ற பெயரில் 6 செ.மீ.க்கும் குறைந்த அலகுடன் அப்படி ஒன்றைச் செய்கிறது; அலகு குட்டையானாலும் பிடியைப் பருமனாகவே வைத்திருக்கிறார்கள். கழுத்துக் கயிறு மட்டும் அழுத்தி இழுத்தால் விட்டுப்போகும் பூட்டுடன் இருக்க வேண்டும். கிளையில் சிக்கினால் கழுத்தை இறுக்கும் கயிறு கத்தியைவிட ஆபத்தானது.

பல நாடுகளில் சட்டம் மறைவைப் பொருட்படுத்துவதில்லை. பொது இடத்தில் கத்தியோடு இருக்கக் காரணம் என்ன என்றே கேட்கிறது. பின்லாந்திலேயே 2003ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டம், வேலைக்காகவோ ஏற்கத்தக்க வேறு காரணத்துக்காகவோ அன்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்கே விலக்கு; மடங்காத கத்தி எவ்வளவு சிறிதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். தேசிய உடையின் பகுதியாக அணிவது அந்தச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஜெர்மனியில் 12 செ.மீ.க்கு மேற்பட்ட மடங்காத அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச்செல்லக் கூடாது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகும் வழியில் கத்தியைப் பைக்குள் அடியில் கட்டி வைத்து, காட்டுக்குள் நுழைந்த பின் இடுப்பில் மாட்டுவதே எங்கும் பொருந்தும் பழக்கம்.

கையாளுதலும் பராமரிப்பும்

உட்கார்ந்து செதுக்கும்போது தொடைகளுக்கு இடையே கத்தி வேலை செய்யக் கூடாது. தொடையின் உட்புறம் ஓடும் தமனி அறுபட்டால் காட்டில் உதவி வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றி, கைகளை முன்னே நீட்டிச் செதுக்குவது முறை. வேலை நின்ற அடுத்த கணம் கத்தி உறைக்குப் போக வேண்டும். தரையிலோ மரக்கட்டையிலோ குத்தி வைப்பது முனையையும் கெடுக்கும், நடப்பவன் காலையும் கெடுக்கும்.

வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து உலர்த்தி மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். நனைந்த தோல் உறையை அடுப்பருகே காயவைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும். நிழலில் தானே காய விட வேண்டும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் கார்பன் எஃகுக் கத்தியை உறைக்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே தெரியாமல் உள்ளே துரு அலகைத் தின்றுவிடும். துணியில் சுற்றிக் கத்தியைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் வைப்பதே வழக்கம்.