லூ சல்லிவன்

லூ சல்லிவன் (1951–1991): அமெரிக்கத் திருநம்பி, எழுத்தாளர். மில்வாக்கியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பத்து வயதில் தொடங்கிய நாட்குறிப்பில் பீட்டில்ஸ் மோகம், ஆண் உடை மீதான ஆசை, காதல், உடல் என எதையும் மறைக்கவில்லை. 1975-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பியபோது வீட்டார் ஆண்கள் அணியும் கோட்டு சூட்டும் தாத்தாவின் பாக்கெட் கடிகாரமும் கொடுத்து அனுப்பினர். அக்காலத்தில் இது அபூர்வம். 1979-இல் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கினார். ஆனால் ஆண்களையே விரும்பியதால் பாலின மாற்றுச் சிகிச்சைக்கு விண்ணப்பித்த இடத்தில் மறுத்துவிட்டார்கள். பெண்ணை விரும்பினால்தான் ஆண் என்பது அன்றைய மருத்துவர்களின் விசித்திரக் கணக்கு. அதை மாற்றச் சொல்லி விடாமல் வாதாடினார். 1986-இல் திருநம்பிகளுக்கான ஆதரவுக் குழுவைத் தொடங்கினார். எய்ட்ஸ் நோயால் 39 வயதில் மறைந்தார். நாட்குறிப்புகளின் தேர்ந்தெடுத்த பகுதிகள் 2019-இல் நூலாயின.