சத்தம் வராத அறை

2008ஆம் ஆண்டு. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி அறை. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கணினியில் உபுண்டு 8.04 ஏற்றியிருந்தேன். திரை வந்தது, இணையம் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. போகட்டும், பாட்டை மொபைலில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு அண்ணன் விடவில்லை. அவர் பார்வையற்றவர். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஓர்காவும், அதற்குக் குரல் கொடுக்கும் ஈஸ்பீக்கும் உபுண்டுவோடு இலவசமாகவே வருகின்றன என்று கேள்விப்பட்டு மாடியேறி வந்திருந்தார். விண்டோஸுக்கான ஜாஸ் மென்பொருளின் விலை அவருக்கு எட்டாதது.

"தம்பி, சத்தம் வரலைன்னா உனக்குப் பாட்டுதான் இல்ல. எனக்குக் கம்ப்யூட்டரே இல்ல" என்றார்.

லினக்ஸில் சத்தம் ஏன் இவ்வளவு தொல்லையாக இருந்தது? 1992இல் ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு எழுதிய டிரைவர் வளர்ந்து ஓஎஸ்எஸ் ஆனது. பெரும்பாலான அட்டைகளில் அது ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே பேசவிடும். பாட்டு ஓடினால் வீடியோ ஊமை. யாரோஸ்லாவ் கிசெலா தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் அட்டைக்காகத் தனியாக ஒரு டிரைவர் எழுதப்போய், 1998இல் அது அல்சா என்ற திட்டமானது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் ஓஎஸ்எஸ்ஸின் இடத்தை அல்சா பிடித்தது.

இதற்கிடையில் ஒலி அட்டையே காணாமல்போகத் தொடங்கியிருந்தது. 1997இல் இன்டெல் ஏசி'97 என்ற தரத்தை வகுத்தது. ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே வந்து உட்கார்ந்தது. சில்லுக்குத் தரம் உண்டு. ஆனால் சில்லிலிருந்து ஸ்பீக்கர் துளைவரை போகும் இணைப்பு, போர்டு செய்பவரின் இஷ்டம். ஆம்பிளிஃபையரை இயக்கும் முனையைச் சிலர் தலைகீழாக இணைத்துவிடுவார்கள். அங்கே 'ஆன்' என்றால் ஆஃப். விண்டோஸ் டிரைவர் போர்டோடு சிடியில் வந்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு யாரும் எதையும் சொல்வதில்லை.

அதனால் கெர்னலுக்குள் ஒரு பட்டியல் வளர்ந்தது. இன்ன எண்ணுள்ள போர்டுக்கு இன்ன கோளாறு என்று வரிவரியாக இருக்கும். எத்தனையோ வரிகளுக்குப் பின்னால், சத்தம் வராத ஒரு கணினியின் முன் உட்கார்ந்து காரணத்தைத் தேடி, அதை எழுதி அனுப்பிய ஒருவர் இருக்கிறார்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அல்சாமிக்ஸரைத் திறந்து எல்லாப் பட்டைகளையும் உச்சிக்கு ஏற்றினேன். ஒவ்வொன்றாக அண்ணனிடம் படித்துச் சொன்னேன். கடைசியில் எக்ஸ்டர்னல் ஆம்பிளிஃபையர் என்று ஒன்று ஆனில் இருந்தது.

"அதை அணைச்சுப் பாரேன்."

"சத்தமே இல்ல, இதுல அணைக்கிறதா அண்ணா?"

"இல்லாததுல என்னடா குறையப்போகுது?"

எம் விசையைத் தட்டினேன். ஸ்பீக்கரில் 'டொப்' என்றொரு சத்தம். ஓர்காவை இயக்கியதும், மூக்கடைத்த இரும்புக் குரலில் ஈஸ்பீக் பேசியது. தண்டவாளத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கையை உயர்த்தி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து, 2005லேயே என்ஆர்சிஃபாஸ் என்ற கட்டற்ற மென்பொருள் வள மையத்தைத் தொடங்கியிருந்தன. சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் 2007இல் வந்துவிட்டது. கேட்க ஆளில்லாத ஊரில் நான் இல்லை. ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. போர்டின் எண்ணைக் குறித்து அனுப்பப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

பிறகு பல்ஸ்ஆடியோ பரவியது. 2021இல் ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறியது. இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் லினக்ஸ் ஏற்றியதும் சத்தம் தானாக வருகிறது. தானாக என்கிறோம். நாம் முகம் பார்க்காத பலர் அனுப்பிய வரிகளால் வருகிறது. அதில் என் வரி இல்லை. அதே போர்டை வாங்கிய இன்னொருவர் வீட்டில், அண்ணனைப் போல ஒருவர் சத்தத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ.