நாமும் வந்தவர்கள்தானே

14ஆம் நூற்றாண்டில் இராசதானியாக இருந்த ஊர் நம் கம்பளை. இங்கே புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தை "வந்தான் வரத்தான்" என்று சிலர் பேசுவது காதில் விழுந்தது.

1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் கொடுத்தார். சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியமர்த்தினார். மலைநாட்டுக் கிராமங்களிலும் பலர் குடியேறினார்கள். நம் முன்னோரில் பலர் தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் மேலே ஏற்றினார்கள். பாக்கைக் கீழே இறக்கினார்கள். இந்தப் போக்குவரத்துக்கென்றே அரசில் 'மடிகே' என்ற பிரிவு இருந்தது.

அன்று மலைநாடு நம்மை வந்தான் வரத்தான் என்று துரத்தியிருந்தால் இன்று நாம் எங்கே? அந்தக் கடன் நம்மேல் இருக்கிறது. புதிய வீட்டுக்கு ஒரு சஹன் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, சலாம் சொல்லிவிட்டு வருவோம்.