இம்பீச்மென்ட்: எதிர்த்தார்களா, ஒதுங்கினார்களா?

ஒரு தீர்மானத்துக்கு ஆதரவாக 196 ஓட்டு. எதிராக ஒரு ஓட்டுகூட இல்லை. ஆனாலும் தீர்மானம் தோற்றுவிட்டது! கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் 1993 மே 11 அன்று நம் மக்களவையில் நடந்தது இதுதான்.

தீர்மானம் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமியைப் பதவியிலிருந்து நீக்குவது பற்றியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த அவர், சண்டிகரில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது அதிகாரப்பூர்வ வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அரசுப் பணத்தை முறைகேடாகச் செலவழித்தார் என்பது குற்றச்சாட்டு. 1991-ல் 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த நோட்டீஸை அப்போதைய சபாநாயகர் ரபி ராய் ஏற்றார். நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையிலான மூவர் குழு விசாரித்து, பல குற்றச்சாட்டுகள் நிரூபணமானதாக அறிக்கை கொடுத்தது. அவையில் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சோம்நாத் சட்டர்ஜி. ராமசாமிக்காக வாதாடியவர் வழக்கறிஞர் கபில் சிபல்.

ஓட்டெடுப்பில் 196 பேர் ஆதரித்தார்கள். காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் அவையில் இருந்தபடியே ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் சட்டத்தின் கணக்கு வருகிறது. அரசியல் சட்டத்தின் 124(4) பிரிவின்படி ஒரு நீதிபதியை நீக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, ஓட்டளித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அது முழுசாகவே கிடைத்துவிட்டது. இன்னொன்று, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு. அன்று 545 பேர் கொண்டிருந்த அவையில் அதற்கு 273 ஓட்டு வேண்டியிருந்தது. 77 குறைந்துபோனது. அதாவது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே தீர்மானத்தைத் தோற்கடித்துவிடலாம். ராமசாமி பதவியில் நீடித்து 1994 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார்.

இந்தச் செய்தியை ஒரு பத்திரிகை எப்படி எழுத வேண்டும்? "காங்கிரஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டது" என்றால் பொய். "நீதிபதி குற்றமற்றவர் என்று நாடாளுமன்றம் சொன்னது" என்றால் பெரிய பொய். "காங்கிரஸ் நடுநிலை வகித்தது" என்பது சொல்லளவில் சரி, ஆனால் பாதி உண்மை. ஒதுங்கியதால் யாருக்கு லாபம் என்பதை அது மறைத்துவிடுகிறது. ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, ஒதுங்கியவர் எத்தனை, தேவைப்பட்டது எத்தனை... இந்த நான்கு எண்களும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகும்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. 1991 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 28-ஐ காங்கிரஸ் பிடித்திருந்தது. ஆந்திர எல்லையோரம் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிற ஒருவர், தன் எம்.பி. அன்று என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள டெல்லிக்கா போக முடியும்? அவருக்கு இருந்த வழி காலையில் வரும் பேப்பர்தான். அதில் ஒரு வினைச்சொல் மாறினாலும், அடுத்த தேர்தலில் அவர் கேட்க வேண்டிய கேள்வியே மாறிவிடும்.

வெளிப்படையாக எதிர்த்தவர்களும் உண்டு. 2011 ஆகஸ்டில் கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ரா சென்னை நீக்கும் தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியபோது, பகுஜன் சமாஜ் கட்சி எதிர்த்தே ஓட்டளித்தது. அந்த நிலைப்பாட்டோடு ஒருவர் உடன்படலாம், சண்டையும் போடலாம். புரிந்துகொள்வதில் மட்டும் குழப்பம் இல்லை. மக்களவையில் விவாதம் வருவதற்குள் சென் ராஜினாமா செய்துவிட்டார்.

அமெரிக்காவிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1999 பிப்ரவரி 12 அன்று அதிபர் கிளிண்டன் மீதான வழக்கில் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர், ஸ்காட்லாந்து சட்டத்தைக் காட்டி, "நிரூபிக்கப்படவில்லை" என்று சொன்னார். பதிவேட்டில் ஏறியதோ "குற்றவாளி அல்ல" என்றுதான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அரசியல்வாதி தன் நிலைப்பாட்டை மறைத்துக்கொள்ள மௌனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த மௌனமும் ஒரு ஓட்டுதான் என்று வாசகருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவது பத்திரிகையின் வேலை.