பழைய ஒலிபெருக்கிகள்: அடையாளம் காணலும் சீரமைப்பும்

ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்து மின்குறிப்பைக் காற்றதிர்வாக மாற்றும் உறுப்பு டிரைவர் எனப்படும். பெட்டியை விற்ற நிறுவனம் டிரைவரை வேறொரு தொழிற்சாலையிடம் வாங்குவது வழக்கமாக இருந்ததாலும், பழுதானபோது கைக்குக் கிடைத்தது பொருத்தப்பட்டதாலும், பழைய பெட்டிகள் பலவற்றில் பெயரோ வகையெண்ணோ இல்லாத டிரைவர்களே காணப்படுகின்றன.

அமெரிக்கத் தயாரிப்புகளில் முதல் தடயம், இரும்புச் சட்டத்திலோ காந்த மூடியிலோ அச்சிடப்பட்ட எண்வரிசை ஆகும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் தயாரிப்பாளரையும் (220 ஜென்சன், 137 சிடிஎஸ், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 285 ரோலா), அடுத்து வரும் ஓரிரு இலக்கங்கள் ஆண்டையும், இறுதி இரண்டும் அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். ஆண்டு ஓரிலக்கமாக இருப்பின் பத்தாண்டு எது என்பது தெளிவாகாது. 220542 என்பது 1945-ஐயும் குறிக்கலாம், 1955-ஐயும் குறிக்கலாம். பிரித்தானியாவின் கெஃப் நிறுவனம் எஸ்பி எண்களைப் பயன்படுத்தியது: எஸ்பி1003 என்பது பி110 என்னும் இடையொலி டிரைவர், எஸ்பி1032 என்பது டி27 என்னும் மேலொலி டிரைவர்; இவ்விரண்டும் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ பெட்டியில் இடம்பெற்றவை. எனினும் எண் சட்டத்தின் வயதைச் சொல்லுமேயன்றி, கோன் எனப்படும் காகிதக் கூம்பு இடையில் மாற்றப்பட்டதா என்பதைச் சொல்லாது.

எண் அழிந்துபோன இடத்தில் காந்தமே காலத்தைக் காட்டுகிறது. நிலைக்காந்தம் இன்றி, மின்னோட்டத்தால் காந்தமாகும் புலச்சுருள் கொண்டவை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்டவை. அச்சுருள் வானொலியின் மின்வழங்கியில் இரைச்சலை வடிக்கும் சோக் வேலையையும் செய்ததால், நிலைக்காந்த டிரைவரை அங்கே நேரடியாக மாற்றிப் பொருத்த இயலாது. உலோகக் கலவையாலான ஆல்னிகோ காந்தம் அதற்குப் பின்னும், தட்டையான வளையம் போன்ற ஃபெர்ரைட் காந்தம் 1960-களிலிருந்தும் பரவின. கோபால்ட்டின் விலை 1970-களின் பிற்பகுதியில் ஏறியதால் ஆல்னிகோ அருகியது.

பெயரைவிடப் பயனுள்ளது அளவீடு. மல்டிமீட்டரில் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், பெரும்பாலும் 8 ஓம் வகையைச் சேர்ந்தது. 11 முதல் 13 வரை காட்டுவது 16 ஓம் வகையாகலாம். டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வைத்து, ஏறத்தாழ 1000 ஓம் தடையின் வழியே தாழ் அதிர்வெண் குறிப்பைச் செலுத்தினால், டிரைவரின் முனைகளில் மின்னழுத்தம் உச்சம் தொடும் அதிர்வெண்ணே ஒத்ததிர்வெண். கோனின் மீது எடை தெரிந்த சிறு மெழுகை ஒட்டி மீண்டும் அளந்தால், அசையும் நிறையையும் கோனைத் தாங்கும் தொங்கலின் இளக்கத்தையும் கணக்கிடலாம். நெவில் தீல் 1961-லும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் வகுத்த முறையில் இவை பொருத்தமான பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிட உதவுமாதலால், அதன்பின் தயாரிப்பாளர் பெயர் விலையை மட்டுமே பாதிக்கும்.

சீரமைப்பில் மிகுதியாக எதிர்ப்படும் பழுது, கோனைச் சுற்றியுள்ள நுரைவளையம் உதிர்வதாகும். பாலியூரித்தேன் நுரை ஈரத்தால் சிதைவதால், துணிவளையமும் பியூட்டைல் ரப்பர் வளையமும் நலமாக இருக்கும் காலத்திலேயே அது பொடியாகிவிடும். பழைய பசையைச் சுத்தமாக நீக்கிப் புதிய வளையத்தை ஒட்டும்போது, காயில் காந்த இடைவெளியில் உரசாமல் இருக்க மெல்லிய தகடுகளைச் செருகியோ, தாழ்ந்த ஒலியைச் செலுத்தி உரசலைக் காதால் கேட்டோ நடுவைச் சரிசெய்வர். ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரிக்கும் கிராஸ்ஓவரின் மின்பகு மின்தேக்கிகளும் காலப்போக்கில் உலர்ந்து மதிப்பு மாறும். அவற்றுக்குப் பதில் பாலிப்ரோப்பிலீன் மின்தேக்கி இடும்போது, பழையதன் உள்தடைக்கு ஈடாகச் சிறு தடை சேர்க்காவிடில் மேலொலி சற்றே தூக்கலாகக்கூடும். இணைப்பு முனையின் திசையை 1.5 வோல்ட் மின்கலத்தால் சோதிக்கலாம். கோன் வெளியே வந்தால் நேர்முனை சரி என்பது பொதுவிதி, ஆனால் பழைய ஜேபிஎல் டிரைவர்களில் அது உள்ளே செல்லும். கோனும் காயிலும் வேறு வகையவையாக மாற்றப்பட்ட டிரைவர், சட்டத்தில் பழைய எண் இருந்தாலும், அசலாகக் கொள்ளப்படுவதில்லை.